பாட்டுக்கு நாலெல்லை கேட்டவர்

பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் தோளைத் தொட்டார். "மாஸ்டர், ஆதம்பாவா காக்கா மௌத்தாகிட்டார்." மரணச் செய்திக்குச் சொல்கிற இன்னா லில்லாஹியை வாய் சொல்லிற்று; மனம் நம்பவில்லை. முந்திய வெள்ளிக்கிழமைதான் நான் எழுதிய கடிதமொன்றில் பிழை பிடித்திருந்தார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்கே காக்காவான, அதாவது அண்ணனான, ஆதம்பாவா நிந்தவூரில் வயல் செய்தவர். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டி, மெட்டும் போட்டவர். வெட்டுக்காலத்தில் அவருடைய அறுவடைப் பாட்டுக் கேட்காத வயல் இந்தக் கரையில் இல்லை. நான் கல்முனையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். அவருக்கோ ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஓர் ஆங்கிலப் பத்திரத்தை என்னைவிடச் சரியாக விளங்கிக்கொண்டவர் அவர்தான்.

ஆறு வருடங்களுக்கு முன், கொழும்பு இசைத்தட்டுக் கம்பனி ஒன்றின் ஆள் அந்த அறுவடைப் பாட்டைத் தேடி வந்தார். கையில் ஒப்பந்தம். அதைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நானும் அந்த வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். "என்றென்றைக்கும், உலகமெங்கும், எல்லா வகையிலும் உரிமை கம்பனிக்கே" என்று உரத்து வாசித்தேன். பாட்டு உலகமெங்கும் போகப்போகிறது என்று எனக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

காக்கா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "மாஸ்டர், காணி உறுதி எண்டா முதல்ல எதப் பார்ப்பம்?"

"நாலெல்லை" என்றேன். நிலப் பத்திரத்தில் நாலு பக்க எல்லையையும்தானே முதலில் பார்ப்பார்கள்.

"இதில எல்லை எங்க? எத்தின போகத்துக்கு எண்டு இரிக்கா? இது குத்தகை இல்ல, அறுதியா விக்கிற." பிறகு வந்தவர் பக்கம் திரும்பினார். "தம்பி, இதில ஒப்பம் வெச்சா, என்ட பாட்ட நான் பாடலாமா?"

"கம்பனியிடம் கேட்டுவிட்டுப் பாடலாம்."

"வயல் வெட்டுற ஆக்கள்?"

வந்தவர் பேனையை மூடினார். காக்கா பத்திரத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, சோறும் மீன் ஆணமும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

ஊரே ஏசியது. "வீடு தேடி வந்த சீதேவிய விரட்டிப்போட்டீங்களே காக்கா" என்று நானும் ஏசினேன்.

"வயல வித்துப்போட்டு வரம்புல நிண்டு பார்க்க எனக்கு ஏலா மாஸ்டர்" என்றார். பிறகு என்னை இருத்திவைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். உரிமை ஐந்து வருடத்துக்கு. அதுவும் இசைத்தட்டுக்கு மட்டும். தட்டில் பாட்டுக் கட்டியவரின் பெயர் இருக்க வேண்டும். வாயால் பாடுகிற எவரையும் கம்பனி தடுக்கக்கூடாது. ஒவ்வோர் எல்லையாக விரல் மடித்தார்.

மூன்று மாதம் மறுமொழி இல்லை. அவர் பாட்டுக்கு விதைப்பு வேலையைப் பார்த்தார். தபால்காரரை வழிமறித்தவன் நான்தான். கடைசியில் புதுப் பத்திரம் வந்தது, நாலெல்லையும் அப்படியே. கொழும்புக் கம்பனியை நிந்தவூர் வரம்புக்கு இறங்கி வரவைத்த மனிதர் என் சிநேகிதர் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இந்த வருடம் தவணை முடிய, கம்பனி மறுபடியும் கேட்டு எழுதியது. "குத்தகைக்காரர் திரும்ப வாசலுக்கு வந்திரிக்கார்" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை என் மறுமொழியை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நாலாவது எல்லைய விட்டிட்டீங்க." அவர் என்னிடம் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

ஜனாஸாவை அடக்கிவிட்டு வயலோரமாகத் திரும்பினோம். வெட்டுக்காரர்கள் அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டு நின்றார்கள். எங்களைக் கண்டதும் மரியாதைக்கு நிறுத்திவிட்டார்கள். அவர் மகன் வரம்பில் இறங்கிப் போய்ச் சொன்னார்: "பாடுங்க. வாப்பா இத விக்கல்ல."

அவர்கள் பாடினார்கள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

காக்கா, கடிதத்தைத் திருத்தி, உங்கள் மகனின் ஒப்பத்தோடு நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். நாலாவது எல்லையை முதலாவதாக எழுதியிருக்கிறேன். அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கி வைப்பானாக. போய் வாருங்கள்.