மேலண்டையா, கீழண்டையா? கல்பனாவின் அரை மார்க்

செய்தி வந்தபோது நான் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் சலூன் நாற்காலியில், பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். போனில் மாடி வீட்டு அம்மு. எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்பனாவின் கடைக்குட்டி. “தாத்தா, அம்மா போயிட்டாங்க” என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “எங்க போனாங்க? மேலண்டையா, கீழண்டையா?” என்று கேட்டுவிட்டேன். அந்த வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் திசை சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். “கிழக்க போறேன், பால் வாங்க” என்பார்கள். கல்பனா போட்ட சட்டம் அது. அன்றைக்கு அம்மு, “தெரியல தாத்தா” என்றாள்.

அந்த வீட்டுப் பிள்ளை திசை தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் மாடிப்படியில் என்னைக் கிண்டல் செய்துகொண்டு இறங்கியவர், மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். பாதி சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

கல்பனாவை உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்த அம்மா. சனிக்கிழமைகளில் அவரிடம் படிக்க உங்கள் பிள்ளைகளையும் எங்கள் மொட்டை மாடிக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்கள். நான் அந்த வீட்டுச் சொந்தக்காரன். என் அப்பா காலத்தில் அந்த இடத்தில் நெல் விளைந்தது, என் காலத்தில் வாடகை விளைகிறது.

அவர் வீடு பார்க்க வந்த அன்று நான் வழக்கம்போல விசாரித்தேன். “புள்ளைங்க இன்னா ஸ்கூலு?”

“ஸ்கூல் இல்ல அங்கிள். வீட்லயே படிக்கிறாங்க.”

“பேஜாராப் போச்சே. எனக்கும் அதே படிப்புதாம்மா. எட்டாவதோட வூட்டுக்கு வந்துட்டேன்.”

வேறு யாராவது என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வீடு தேடியிருப்பார்கள். கல்பனா சிரித்தார். “அப்ப நீங்கதான் எங்க சீனியர்” என்றார். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் இனிமேல் என் வாய் மட்டும் ஓடாது என்று.

பூகோளத்தை அவர் சமையலறையில்தான் தொடங்கினார். அவர் சுடும் தோசை வட்டமாக வந்து நான் பார்த்ததில்லை. தட்டில் விழுந்ததும் நாலு வயது அம்மு, “இது ஸ்ரீலங்கா!” என்று கத்துவாள். எட்டு வயதுக் கவின் அதற்குப் பக்கத்தில் எந்தக் கடல், எந்த நாடு என்று சொல்ல வேண்டும். பெரியவள் மதுமிதா, அங்கே தேயிலை விளைகிறதே, ஏன் என்று சொல்ல வேண்டும். பதில் சொன்ன பிறகுதான் சட்னி.

“தோச சுடத் தெரியலன்னு சொல்றதுக்கு இப்படி ஒரு சாக்கா?” என்று கேட்டேன்.

“வட்டமா வந்தாலும் விட மாட்டேன் அங்கிள். அது பூமி.”

வெவ்வேறு வயதில் இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பாடம் எப்படி நடத்துகிறாய் என்று உங்களைப் போலவே நானும் கேட்டிருக்கிறேன். “மூணு பாடம் எதுக்கு? சாம்பார் ஒண்ணுதான் அங்கிள். சின்னவளுக்குக் காரம் போடறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிடுவேன். பெரியவளுக்கு முழுக் காரம்” என்றார். உன் சாம்பாரில் காரம் இருந்து நான் பார்த்ததில்லையே என்றேன். அன்றைக்கு எனக்கு வந்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

ஆனால் அந்த வீட்டில் எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. கல்பனாவின் கணவருக்கு ஓர் அண்ணன், குரோம்பேட்டையில் இன்ஜினியர். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் உயிர். அதனாலேயே இந்தப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. “நான் வந்து கேள்வி கேப்பேன். ஒழுங்கா பதில் வரலன்னா மூணு பேரும் ஜூன்ல ஸ்கூல்” என்று சொல்லிவிட்டார். கணவர் அண்ணன் பேச்சைத் தட்டாதவர். கல்பனா அந்த வாரம் முழுக்க என் கிண்டலுக்குப் பதில் சொல்லவில்லை. அதை வைத்தே அவர் பயம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

ஐப்பசி மழை. சொன்னபடியே வந்த பெரியவர், கணவரின் அண்ணன், இந்தியா மேப்பைக் கூடத்தில் விரித்தார். நான் காபி குடிக்க வந்தவன்போல ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். முதல் கேள்வி கவினுக்கு. “மேப்புல மேல் பக்கம் எந்தத் திசை?”

“மேற்கு!” என்றான் பையன், வெகு தைரியமாக.

பெரியவர் மேப்பை மடிக்கத் தொடங்கிவிட்டார். “கல்பனா, இதுக்கப்புறம் இன்னொரு கேள்வி வேற கேக்கணுமா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாங்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மேற்குப் பக்கத்து வீட்டை மேலண்டை வூடு என்போம், கிழக்குப் பக்கத்தைக் கீழண்டை என்போம். பையன் என் வாயிலிருந்துதான் அதைப் பிடித்திருக்கிறான். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

கல்பனா பதறவில்லை. “தப்புதான் மாமா. ஆனா அந்தத் தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்துட்டு மேப்ப மடிங்களேன்” என்று எல்லாரையும் மழையில் தெருவுக்கு இறக்கிவிட்டார். அம்முவின் கையில் ஒரு காகிதக் கப்பல். கேட்டருகே ஓடிய தண்ணீரில் அதை விட்டாள். கப்பல் ஆடி ஆடிக் கிழக்கே போனது.

“கவின், தண்ணி எங்கேர்ந்து எங்க போகுது?”

“மேற்கேர்ந்து கிழக்க.”

“அப்ப எது மேடு, எது பள்ளம்?”

பையன் குடைக்கு வெளியே நனைந்துகொண்டு யோசித்தான். “மேற்குதான் மேடு... ம்மா! அதான் மேல், கீழா?”

மதுமிதா விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். “சேலையூர் ஏரி நிரம்பினா நம்ம ஏரிக்கு வரும், நம்மது நிரம்பினா செம்பாக்கம், கடைசில பள்ளிக்கரணை, அப்புறம் கடல். மலை மேற்கால, கடல் கிழக்கால. இங்க இருந்தவங்க தண்ணியப் பாத்துப் பேசியிருக்காங்க பெரியப்பா.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “பாத்தியா, ராஜகீழ்ப்பாக்கம்னு போர்டுலயே ‘கீழ்’ கீதே!” என்றேன்.

“அதுக்கு நீங்க ஆதாரம் கொண்டு வரணும் அங்கிள். சும்மா சொன்னா மார்க் கிடையாது” என்று என் வாயை அடைத்துவிட்டுக் கல்பனா பையனிடம் திரும்பினார். “மேப்புல மேல வடக்கு. மண்ணுல மேல மேற்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சா அரை மார்க்குதான்.”

பெரியவரின் பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது. “அரை மார்க் அவனுக்கா, எனக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான் மாமா.”

அவர் சிரிக்கவில்லை. “அடுத்த வருஷமும் வந்து கேப்பேன்” என்றார். அதுதான் அவர் கொடுத்த அனுமதி. வருஷம் தவறாமல் மேப்போடு வந்தார். பிள்ளைகள் அவர் வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

இப்போது மதுமிதா கல்லூரிக்குப் போகிறாள். கவின் வீட்டிலிருந்தே பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறான். அம்முவுக்குத்தான் அம்மா மிச்சம் வைத்துவிட்டுப் போன படிப்பு நிறைய. காரியம் முடிந்த அன்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். “அம்முவ ஜூன்ல ஸ்கூல்ல சேத்துடலாம். பகல்ல யாரு பாத்துப்பா?” அவர் சொன்னதில் தப்பு இல்லை.

கிளம்பினார். கேட்டருகே அம்மு நின்றிருந்தாள். பழக்கதோஷம், கேட்டுவிட்டாள். “எந்தப் பக்கம் போறீங்க பெரியப்பா?”

“மேற்க போயி, தாம்பரத்துல வடக்க திரும்பி...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “ஜூன் வரட்டும், பாத்துக்கலாம்மா. சனிக்கிழமை நான் வரேன். மேப் எடுத்துட்டு வரேன்.”

“எந்தப் பக்கத்துலேர்ந்து வருவீங்க?”

“கிழ... இல்ல, மேற்கேர்ந்து.”

“அரை மார்க்” என்றாள் அம்மு. அம்மா போன பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

பிறந்தது முதல் மேலண்டை, கீழண்டை என்று சொல்லிவந்தவன் நான். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கல்பனா என் வாயிலிருந்த வார்த்தையை எடுத்து, அர்த்தத்தோடு எனக்கே திருப்பிக் கொடுத்தார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். மழை பெய்தால் இப்போது கேட்டருகே போய் நின்று, தண்ணீர் போகும் பக்கத்தைப் பார்க்கிறேன்.

அன்று போனில் அம்மு சொன்ன ‘தெரியல’ மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகக் கல்பனா அவளுக்கு அரை மார்க் போட்டிருப்பார். மீதி அரை மார்க்குக்குப் பதிலைத் தேடச் சொல்லி எங்கள் எல்லாரையும் தெருவுக்கு இறக்கியிருப்பார்.