சாம்பிராணித் திரி

நாற்பத்தாறு வயதில் நான் மெழுகுதிரி செய்யத் தொடங்கினேன். அதற்கு முன் இருபத்திரண்டு வருடங்கள் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை. வெள்ளைக் கோட்டு, தராசு, கண்ணாடிக் குழாய்கள், மத்தியானத்துக்கு மனைவி கட்டித் தந்த சோற்றுப் பார்சல் என்று ஓடிய வாழ்க்கை. தொண்ணூறில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியதும் தொழிற்சாலை மூடப்பட்டது. அதைச் சுற்றியிருந்த ஊர்களும் வெறிச்சோடிப் போயின. நானும் மனைவியும் ஒரே மகனும் உடுப்புப் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுவிலுக்கு வந்து, மனைவியின் உறவினர் பூட்டிவிட்டுப் போயிருந்த இரண்டு அறை வீட்டில் ஒதுங்கினோம்.

மின்சாரம் நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெயைக் கண்ணில் காண்பதே அரிது. குடாநாட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று அரசாங்கம் தடைபோட்ட பொருள்களின் பட்டியலில் மெழுகுதிரியும் இருந்தது. சனங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, நாலு துளி எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இரசாயனம் தெரிந்த மனிதன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று எனக்கு ஒரு திமிர். கடற்கரைப் பக்கத்து மாதா கோயில்களில் எரிந்து வழிந்த மெழுகைச் சேர்த்துக்கொண்டு வந்து உருக்கினேன். அச்சுக்குப் பப்பாசி இலைத் தண்டு. உள்ளே வெறுமையாக இருக்கும் அந்தத் தண்டின் அடியைக் களிமண்ணால் அடைத்து, நடுவில் நூலை இழுத்துக் கட்டி, மெழுகை ஊற்றி இறுகவிட்டுத் தோலைக் கிழித்தால் உள்ளே நேரான திரி. முதல் திரியைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை இன்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வருடம் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வயதுப் பிள்ளையை அந்த நாட்களில் வீட்டில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரர் பொறுப்பெடுத்தார். மொஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "இஞ்சை ஒரே பனி அம்மா. பாண்தான் சாப்பாடு. பயப்பிடாதேங்கோ, அடுத்த கடிதம் ஜேர்மனியிலை இருந்து போடுவன்" என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணியடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து போகும்போதெல்லாம் மனைவி படலையடியில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவாள். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று நான் அடுப்பைக் கிளறிக்கொண்டிருப்பேன்.

மெழுகு குறைந்தது. கோயில்களிலும் திரி கொளுத்துவதைக் குறைத்துவிட்டார்கள். இருந்த மெழுகுடன் தேங்காயெண்ணெயைக் கலந்து பார்த்தேன். வீட்டில் மிச்சமிருந்த எண்ணெய் முழுவதும் அதற்குள் போனது. மத்தியான வெய்யிலில் திரிகள் வளைந்து குனிந்தன. சந்திக் கடைக்காரர் பெட்டியோடு திருப்பித் தந்தார்.

"அண்ணை, உங்கடை திரியெல்லாம் வாற போற ஆக்களைக் கும்பிட்டுக்கொண்டு நிக்குது" என்றார்.

எண்ணெய் இளகும், கொழுப்பு இறுகும். இது எனக்குத் தெரிந்த விசயம். சந்தைக்குப் பின்னால் இருந்த இறைச்சிக்கடையில் மாட்டுக் கொழுப்பு வாங்கினேன். ஊருக்கு வெளியே வெறுமையாகக் கிடந்த ஒரு புகையிலைக் குடிலில் வைத்து, படிகாரம் போட்டு உருக்கி வடித்தேன். மெழுகில் பாதிக்குப் பாதி சேர்த்தபோது திரி கம்பி மாதிரி நின்றது. ஆனால் நாறியது. அதை அடக்கச் சாம்பிராணியை இடித்துத் தூளாக்கிக் கலந்தேன். நாற்றம் போய் நல்ல வாசம் வந்தது. சனங்கள் அதற்குச் சாம்பிராணித் திரி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மனைவி கரவெட்டியில் சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அவர்கள் வளவுக்குள் முட்டைக் கோதுகூட வந்ததில்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் எங்கள் வீட்டிலும் மச்சம் மாமிசம் சமைத்ததில்லை. நான் வெளியில் சாப்பிட்டது அவளுக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்தால் ஒன்றும் கேட்கமாட்டாள். இந்த மெழுகு எங்கே கிடைத்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர் தந்தார் என்றேன். பொய் சொல்வது அவ்வளவு சுலபமென்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த வருடம் கந்தசஷ்டிக்கு மகனுக்காக நேர்ந்துகொண்டாள். ஆறு நாளும் தண்ணீர் மட்டும். வேறு எதுவும் வாயில் படக்கூடாது. பின்னேரத்தில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு. கடைசி நாள் சூரன்போர் முடிவதற்குள் கடிதம் வரும் என்று அவள் நம்பினாள். எனக்குக் கடவுளில் பெரிய பிடிப்பில்லை. ஆனால் அவள் நம்பிக்கையைப் பார்த்து எனக்கும் ஒரு ஆசை வந்தது. வந்துவிட்டால் என்ன என்று நானும் நாளை எண்ணத் தொடங்கினேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் குடிலில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சாமியறையிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். முருகன் படத்துக்கு முன்னால் என்னுடைய திரி எரிந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, விளக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நேற்றையிலை இருந்து உங்கடை திரியைத்தான் கொளுத்திறன்" என்றாள். "முருகன் கோவிக்கமாட்டார். என்ன மணம் பாருங்கோ, கோயிலுக்கை நிக்கிறமாதிரிக் கிடக்கு."

அவள் இரண்டு கைகளையும் அந்தச் சுடருக்கு மேலே காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வாயால் ஊதாமல், செவ்வரத்தம்பூவால் அமத்தித் திரியை நூர்த்தாள். நூர்ந்த திரியின் புகையில்தான் கொழுப்பு மணக்கும். அந்தப் புகை அவள் முகத்தில் பட்டுக் கலையும் வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மாதா கோயிலைப் பராமரித்துவந்த பெரியவரிடம், ஒன்றும் கலக்காத மெழுகு கொஞ்சம் வேண்டும் என்று கெஞ்சினேன்.

"என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?"

"வீட்டிலை விரதம், ஐயா."

"விரதத்துக்கெண்டால் கொண்டு போங்கோ" என்று, மாதா சுருவத்தின் காலடியில் வழிந்திருந்ததைத் தன் கையாலேயே சுரண்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்து, புதுச் சட்டியில் உருக்கி, புதுத் தண்டில் ஊற்றினேன். வெள்ளை வெளேரென்று நாலு திரி. என் தொழிலில் நான் கடைசியாகச் செய்த சுத்தமான திரிகள் அவைதான். பின்னேரம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இது நல்ல மெழுகு. சாமிக்கு நீர் இதைக் கொளுத்தும்."

அவள் வாங்கி மணந்து பார்த்தாள். "இதிலை ஒரு மணமும் இல்லையே" என்றாள். நான் விடவில்லை. இதுதான் பிரகாசமாக எரியும் என்றேன். "வேண்டாமப்பா. நேந்து தொடங்கினதை நடுவிலை மாத்தக்கூடாது. ஆறு நாளும் ஒரே திரியிலைதான்" என்று, வெள்ளைத் திரிகளைக் குசினி அலுமாரியில் வைத்துவிட்டாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று நாள் பட்டினி கிடக்கிறவளிடம் இதைச் சொன்னால் விழுந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். ஆறு நாளும் அவள் அந்தச் சுடரைக் கண்ணில் ஒற்றினாள். மிச்ச நாளெல்லாம் நான் சாமியறை வாசலில் நின்றேன். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, எனக்கும் பக்தி வந்துவிட்டது என்று அவள் சந்தோசப்பட்டாள்.

சூரன்போர் முடிந்தது. கடிதம் வரவில்லை. தை பிறந்தது, சித்திரை வந்தது, ஒன்றும் வரவில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேனே, அப்படியிருந்தும் ஒரு நினைப்பு தேங்காய்க்குள் தண்ணீராக உள்ளே கிடந்து ஆடியது. வெறும் கொழுப்பு அது, கார்பனும் ஐதரசனும் என்று ஆய்வுகூடத்து மனிதன் சொல்வான். நீதான் கெடுத்தாய் என்று எனக்குள் இருந்த மற்றவன் சொல்வான். மற்றவன்தான் எப்போதும் வென்றான். இருந்தும் திரி செய்வதை நான் நிறுத்தவில்லை. வேறு என்ன தெரியும் எனக்கு? கொழுப்பு வாங்கினேன், சாம்பிராணி இடித்தேன், சிரித்துக்கொண்டு கடைகளுக்குக் கொடுத்தேன்.

மனைவியில் ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தேன். அந்த நாட்களில் சீனி இல்லை. உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டொன்றை வைத்துக் கடித்துக்கொண்டுதான் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். அவள் வெறும் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினாள். கேட்டதற்கு, பல்லுக் கூசுது என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். கடிதம் வந்தால் யார் வாங்குவார்கள் என்று அவள் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையை விடுவித்து இழுத்துக்கொண்டு வந்தேன். சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு தென்னங்காணியில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் அவள் திருநீற்றுப் பையை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் துணியில் சுற்றி ஒரு மெழுகுதிரித் துண்டு. அந்தச் சஷ்டி ஆறாம் நாள் திரியின் மிச்சம். இவ்வளவு காலமும் அதைத் திருநீற்றோடு வைத்திருந்திருக்கிறாள்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றாள். "அந்தச் சஷ்டியிலை நாலாம் நாள் எனக்குத் தலை சுத்திச்சுது. கிணத்தடியிலை விழப் பார்த்தன். உள்ளுக்கை வந்து ஒரு கடி பனங்கட்டி வாயிலை போட்டிட்டன். ஒரு கடிதான். அதாலைதான் பிள்ளையின்ரை கடிதம் வரேல்லை."

நான் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மற்றதெல்லாம் சுத்தமாத்தானே செய்தனான்? வேறை ஏதும் குறை வைச்சனானோ? நீங்களும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்தானே, சொல்லுங்கோ."

"இல்லை" என்றேன். "நீர் ஒரு குறையும் வைக்கேல்லை."

"அப்ப பனங்கட்டிதான்" என்று அவள் துண்டைத் துணியில் சுற்றினாள்.

மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நான் அதன்பின் திரி செய்யவில்லை. இப்போது சீனி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அவள் தொடுவதில்லை. காலையில் அவளுக்கு வெறும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது நான்தான்.