ஓட்டை இல்லாத கீரை

கீரைக்காரம்மா மருந்தடிக்காத கீரைதான் விற்பாள். எவராவது சந்தேகப்பட்டால் ஓர் இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டு மெல்லுவாள். அவள் கடைக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டியிருக்கவில்லை.

இன்று கூடையைத் திறந்ததும் கட்டு கட்டாகப் புரட்டிப் பார்த்தாள். எந்த இலையிலும் பூச்சி அரித்த ஓட்டையே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"இந்தத் தடவ லேசாத்தான் மருந்தடிச்சேன். விட்டா புழு மொத்தத்தையும் தின்னிருக்கும். யாருக்குடி தெரியப்போவுது?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். இடுப்பில் குழந்தையோடு வாடிக்கைக்காரி கூடை மேல் குனிந்திருந்தாள்.

"இன்னைக்கு வியாபாரம் இல்லம்மா, கீரையைத் தொடாத!"

"ஏங்க்கா பதறுறீங்க? இவளப் பாருங்க, உங்கள மாதிரியே மெல்லுறா!"