தலையணையில் கழற்றி வைத்த மூச்சு

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் என் வீட்டு வாசல் கிரிலை வந்து பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளரால் அடித்துப் பெயின்ட் பெயர்ந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. நானே வெல்டிங் செய்து, நானே பெயின்ட் அடித்த கிரில். அந்த இடத்தில் மறுபடி பெயின்ட் அடிக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை.

நான் வெல்டர். முப்பத்தைந்து வருஷம் ஜன்னல், கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று அடித்துக் கொடுத்தவன். பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. 'கிரில்காரர்' என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். பகல் முழுக்க வெல்டிங் புகை. நடுநடுவே வாய்க்கு சிகரெட் புகை. நுரையீரல் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். வீட்டிலயே ஆக்சிஜன் மிஷின் வெச்சுக்குங்க. தினமும் பதினாறு மணி நேரம். தூங்கும்போது கண்டிப்பா போட்டுக்கணும்" என்றார்.

வாடகைக்கு ஒரு மிஷின் வந்தது. சின்ன பீரோ மாதிரி கட்டில் பக்கத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு நீளமான டியூப். டியூபின் முனையில் மூக்குக்குள் போகும் இரண்டு குட்டிக் குழாய்கள். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும்தான் அது காற்று கொடுக்கும். முதலில் 'டிக்'. பிறகு 'புஸ்'. மூச்சு வரவில்லை என்றால், ஒரு நிமிஷத்தில் வீடே அதிர 'பீப் பீப்' என்று கத்தித் தீர்த்துவிடும்.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மூக்கு காய்ந்து ரத்தம் கசியும். காது மடல் புண்ணாகும். டியூப் ஹால் பாதிவரைதான் வரும். வாசலுக்கு வராது.

"மாட்டுக்குப் போடுற மாதிரி எனக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டீங்க" என்று சத்தம் போடுவேன்.

"மாடாவது சொன்னா கேக்கும்ப்பா" என்பாள் என் சின்ன மகள்.

என் மனைவி பெரிய மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் சின்னவளும் மட்டும். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. மதியம் போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவாள். முதல் வாரமே நான் டியூபைக் கழற்றிவிட்டுக் கடைக்கு நழுவி ஒரு சிகரெட் பிடித்ததை யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"ஆக்சிஜன் பக்கத்துல நெருப்புப் பொறி பட்டா என்ன ஆகும்னு உங்களுக்கா சொல்லணும்?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து கிரிலை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. ஊருக்கெல்லாம் கிரில் அடித்தவனை அவன் கிரிலுக்குள்ளேயே பூட்டிவிட்டாள்.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் படுக்கும்போது டியூபைக் கழற்றிப் பக்கத்துத் தலையணையில் எறிந்தேன். கத்தட்டும், ஆஃப் பண்ணிவிடலாம் என்று ஸ்விட்சில் கை வைத்துக் காத்திருந்தேன்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

கத்தவில்லை.

'டிக்... புஸ். டிக்... புஸ்.'

மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அதில் சந்தோஷம்தான். அடுத்த அறையில் மகள் படுத்திருப்பாள். 'புஸ்' கேட்டால் அப்பா ஒழுங்காகப் போட்டிருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்குவாள். அன்றிலிருந்து தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் விளக்கை அணைத்ததும் டியூப் தலையணைக்கு. நான் மூக்குக்கு விடுதலை கொடுத்துவிட்டுத் தூங்குவேன்.

"இப்பதான்ப்பா நீங்க சொன்ன பேச்சு கேக்குறீங்க" என்று ஒரு காலையில் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

சில சின்ன விஷயங்களை அப்போதே கவனித்திருக்க வேண்டும். காலையில் டியூபை எடுத்தால் முனை ஈரமாக இருக்கும். குளிரில் வேர்த்திருக்கும் என்று துடைத்துவிடுவேன். ஒருநாள் அதில் தைல வாசனை அடித்தது. ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய், தைலம் ஆகாது என்று மகள் வீட்டிலிருந்த தைலத்தை எல்லாம் என்றைக்கோ தூக்கிப் போட்டிருந்தாள்.

அப்புறம் அந்தத் தாளம். என் மூச்சு ஒரே சீராகக் குட்டை குட்டையாக வரும். மிஷின் வேறு மாதிரி அடித்தது. இரண்டு சின்ன 'புஸ்'. பிறகு நீளமாக ஒன்று. சற்று இடைவெளி. மறுபடி இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

இனி அந்தச் சாயங்காலம்.

மழை. மகள் மதியமே பூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் சாப்பிட்ட கையோடு டியூபைத் தலையணையில் போட்டுவிட்டு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சொருகிவிட்டது. விழித்தபோது மணி ஆறு நாற்பது. ஹால் இருட்டிக் கிடந்தது. நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்ட விரலில் மாட்டும் மீட்டரை எடுத்துப் பார்த்தேன். எண்பத்து நான்கு. தொண்ணூறுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சரி, வீம்பு போதும் என்று எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன்.

'டிக்... புஸ். டிக்... புஸ். டிக்... புஸ்ஸ்ஸ்.'

விளக்கைப் போட்டேன். டியூப் தலையணையில்தான் இருந்தது. ஆனால் தலையணை... நடுவில் குழிந்திருந்தது. ஒரு தலை அளவுக்கு.

நான் அந்தப் பக்கம் படுப்பதே இல்லை.

மூச்சு முட்டியது. யோசிக்க நேரமில்லை. டியூபை எடுத்து மூக்கில் மாட்டினேன். முனை சூடாக இருந்தது. ஈரச் சூடு. தைல வாசனை குப்பென்று ஏறியது. கட்டிலில் உட்கார்ந்து மூச்சை இழுத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி இழுத்தேன். ஒன்றும் இல்லை. மூச்சை வெளியே விட்டேன்.

'டிக்... புஸ்.'

நான் இழுக்கும்போது மிஷின் சும்மா இருந்தது. விடும்போது அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தேன். நான் மூச்சே விடவில்லை...

'டிக்... புஸ். டிக்... புஸ். டிக்... புஸ்ஸ்ஸ்.'

அது எனக்காக அடிக்கவில்லை.

மகளைக் கூப்பிட வேண்டும். போன் ஹாலில் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. எழுந்து நான்கு எட்டு வைத்திருப்பேன். டியூப் விறைத்தது. ஹால் பாதிவரை வர வேண்டிய டியூப், அறை வாசலிலேயே விறைத்து நின்றது. எங்காவது மாட்டியிருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். எதிலும் மாட்டவில்லை. கட்டில் பக்கமாக நேராக, கம்பி போல இழுபட்டு நின்றது.

பிறகு அது என்னை இழுத்தது.

மெதுவாக. மாட்டைப் பிடித்து இழுப்பதுபோல.

கழற்றி விட்டெறிந்தேன். டியூப் தரையில் 'சர்ர்ர்' என்று உரசிக்கொண்டு உள்ளே போனது. கட்டில் மேலே ஏறியது...

'புஸ்.'

எப்படி ஹாலைக் கடந்தேன் என்று தெரியாது. போனைத் தட்டிவிட்டேன். அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்தால் எழமாட்டேன் என்று தெரியும். கிரிலைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. அசையாது. திருடன் கை நுழையாத மாதிரி கம்பிக்குக் கம்பி நெருக்கி வைத்தவன் நான்தான். கத்திப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. மழைச் சத்தத்தில் அதுவும் எனக்கே கேட்கவில்லை.

கையில் கிடைத்த டம்ளரால் கிரிலில் அடித்தேன். அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஏழு மணி வாக்கில் எதிர்வீட்டு டிரைவர் குடையோடு ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டார். என் மகளுக்குப் போன் செய்தார். வண்டியிலிருந்து ஜாக்கி ராடைக் கொண்டுவந்து பூட்டை நெம்பினார். ராடுதான் வளைந்தது.

"என்ன மாமா இப்படி அடிச்சு வெச்சிருக்கீங்க!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "பாப்பா கிளம்பிட்டா. ஆனா ரோடெல்லாம் தண்ணி. ஒரு மணி நேரமாவது ஆகும். உள்ள போய் ஆக்சிஜன் மாட்டிட்டு உக்காருங்க மாமா."

நான் தலையை ஆட்டினேன். மாட்டேன் என்று.

அவர் காதைக் கிரிலில் வைத்தார். முகம் மாறியது.

"உள்ள யாரோ மூச்சு வாங்குறாங்களே... அத்தை ஊர்லேருந்து வந்துட்டாங்களா?"

நான் மீட்டரை மறுபடி விரலில் மாட்டினேன்.

மீட்டர் எழுபத்தாறு காட்டியது. விரல் நகம் நீலம். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆக்சிஜன் அந்த அறைக்குள் இருக்கிறது. இங்கேயே நின்றால் மகள் வருவதற்குள் செத்துவிடுவேன். பிழைக்க வேண்டும் என்றால் உள்ளே போக வேண்டும்.

போனேன்.

சுவர் வழியாக. தவழ்ந்து.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கட்டிலில் யாரும் இல்லை.

தலையணை மட்டும் ஏறி ஏறி இறங்கியது...

"தாயே..." ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. "எனக்கும் கொஞ்சம் விடு. எனக்குப் பொண்ணு இருக்கா. வந்துட்டே இருக்கா."

டியூபை எடுத்தேன். இந்த முறை யாரும் இழுக்கவில்லை. மாட்டினேன். கண்ணை மூடினேன். இழுத்தேன்.

'டிக்... புஸ்.'

வந்தது. எனக்கு வந்தது. குளிர்ந்த காற்று.

அடுத்தது எனக்கு இல்லை.

அதற்கு அடுத்தது எனக்கு.

ஒன்று அதற்கு. ஒன்று எனக்கு. அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் இடது தோளுக்குப் பக்கத்தில், யாரோ சாய்ந்த மாதிரி ஒரு சூடு இருந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

மகள் வந்தபோது மணி எட்டு பத்து. நான் கட்டிலின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தேனாம்.

"ஏன்ப்பா, இவ்வளவு இடம் இருக்கே, தள்ளி உக்காரக் கூடாதா?" என்று அழுதுகொண்டே கேட்டாள். அவள் உள்ளே கால் வைத்த நொடியில் என் தோள் பக்கத்துச் சூடு போய்விட்டது. அன்று ராத்திரியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றி வைத்ததைத்தான் முதலில் சொன்னேன். அவள் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் வாடகைக் கம்பெனியிலிருந்து மிஷின்காரர் வந்தார். தொப்பையும் சிரிப்புமாக இருக்கும் ஆள். டியூபைக் கழற்றித் தலையணையில் வைத்தார். சரியாக ஒரு நிமிஷத்தில் மிஷின் 'பீப் பீப்' என்று கத்தியது.

"ஒரு பழுதும் இல்லையேண்ணா."

"இதுக்கு முன்னாடி இது யார் வீட்டுல இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. மகள் விடாமல் கேட்டதால் சொன்னார்.

"ஒரு வயசான அம்மா. உங்கள மாதிரிதான், மாட்டவே மாட்டாங்க. தைலம் வேற தடவிக்குவாங்க, எத்தனை தடவை சொன்னாலும் கேக்கல. பக்கத்து ரூம்ல பையன். ராத்திரி பூரா 'புஸ் புஸ்'னு சத்தம் கேட்டுச்சாம். அம்மா போட்டுட்டுத் தூங்குறாங்கன்னு விட்டுட்டாரு. காலையில பாத்தா டியூபு தலையணையில இருக்கு. அம்மா விறைச்சுப் போயிருக்காங்க. உயிர் போய்ப் பத்து மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொன்னாராம்."

"அப்ப ராத்திரி பூரா கேட்ட சத்தம்?" என்றாள் மகள்.

அவர் டியூபைச் சுருட்டி மிஷின் மேல் வைத்தார். "நான்தான் காலையில போய் ஆஃப் பண்ணேன்மா. அதுவரைக்கும் மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அன்றே அந்த மிஷினை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டோம். புதுசாக, பெட்டி பிரிக்காத மிஷின் ஒன்று வந்தது. மகள் கிரிலைப் பூட்டுவதை நிறுத்தினாள். நான் டியூபைக் கழற்றுவதை நிறுத்தினேன். குளிக்கும்போதும் மாட்டியிருக்கிறேன். மூக்கணாங்கயிறு என்று இப்போது நான் கிண்டல் செய்வதில்லை.

போன மாதம் வாடகை விஷயமாக அந்த மிஷின்காரருக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, அந்தப் பழைய மிஷின் எங்கே என்று கேட்டேன்.

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே, வேற வீட்டுக்குக் கொடுத்தாச்சுண்ணா. ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். ரொம்ப முரண்டு பிடிப்பாருன்னு மருமக பயந்துச்சு. ஆனா இப்ப ஒழுங்கா போட்டுக்கிறாராம். ராத்திரி பூரா சத்தம் கேக்குதாம். ஒரு தடவை கூட பீப் அடிக்கலையாம்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இப்பவே அவங்களுக்குப் போன் பண்ணு. சத்தத்தை நம்பாதீங்க, உள்ள போய் அவரைப் பாருங்கன்னு சொல்லு."

"சரிண்ணா, சரிண்ணா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், சன்னமாக... இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

"அண்ணா" என்றார். "இப்பதான் வாத்தியார் வீட்டுக்கு வந்தேன். பிளக்கைப் பிடுங்கிட்டேண்ணா... இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."