மியூட்ல இருக்கீங்க டீச்சர்!

போன வருடம், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயம். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அறிவியல் டீச்சர் மாறுதலாகிப் போய்விட, எட்டாம் வகுப்பு அறிவியலும் என் தலையில் விழுந்தது. 'ஒளி' பாடம் தொடங்கிய முதல் நாளே பசங்க முகமெல்லாம் இருண்டுவிட்டது. என்னால் இந்தப் பிள்ளைகளுக்கு அறிவியல் என்றாலே கசந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

ஆசிரியர்களுக்கான இலவச இணையதளம் ஒன்றில் உதவி கேட்டேன். அங்கே ஒரே கோப்பை இரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்து திறந்து, ஒரே நேரத்தில் எழுதலாம். மறுநாள் சாயங்காலம் என் பாடக் குறிப்பைத் திறந்தால், உள்ளே யாரோ இருந்தார்கள். பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கோடு என் வரிகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் 'கோட்டக்குப்பம் டீச்சர்' என்று இருந்தது.

நான் பழக்க தோஷத்தில் குறிப்பின் கடைசியில் 'எனவே, நிரூபிக்கப்பட்டது' என்று எழுதி வைத்திருந்தேன். அதற்குக் கீழே பச்சைக் கோடு எழுதியது: "டீச்சர், இது கணக்கு. வெளிச்சத்த எங்க காணோம்?" தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

அதன்பிறகு சாயங்காலமெல்லாம் அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் சிவந்து, வெளிறி, மெல்ல மறைந்துபோகும். திரையில் அந்தப் பச்சைக் கோடு மட்டும் நடமாடும். காலடிச் சத்தமே இல்லாமல் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். போனில் பேசலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "எழுதறதுதான் எனக்கு சௌகரியம்" என்று பதில் வந்தது. கூச்ச சுபாவம் போல என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள், "உப்பளம் பக்கத்துலதான இருக்கீங்க? காத்து கிளம்பறதுக்குள்ள பசங்கள அங்க கூட்டிட்டுப் போங்க. பாத்தித் தண்ணிய விடப் பெரிய கண்ணாடி எங்க கெடைக்கும்? வீடியோல நானும் வர்றேன்" என்று எழுதினார்.

தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். "பாத்திக்குள்ள கால வெச்சிடாதீங்கம்மா, கலங்கிடும்" என்று அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண் சொல்ல, வரப்பிலேயே வரிசையாக நின்றோம். தண்ணீர் அசையவே இல்லை. மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம். எது நிஜம் என்றே தெரியவில்லை.

வீடியோ அழைப்பைப் போட்டேன். முதன்முறையாக அந்த முகத்தைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். துப்பட்டாவுக்குள் அழகான சிரிப்பு.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று பசங்களும் பின்னாலிருந்த பாத்தியும் தெரியும்படி போனைத் திருப்பி, நானும் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. பசங்க எல்லாம் ஒரே குரலில், "டீச்சர், மியூட்ல இருக்கீங்க! மைக்க ஆன் பண்ணுங்க!" என்று கத்தினார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு திரையில் எழுத்துகள் வந்தன.

"மியூட் இல்ல கண்ணுங்களா. தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. கொரல் போயிடுச்சு. நான் எழுதறேன், உங்க டீச்சர் படிச்சுச் சொல்லுவாங்க."

போனைப் பசங்களுக்கு இன்னும் அருகில் நீட்டினேன். அதற்குள் அடுத்த வரி: "அதோ அந்தக் கொக்கப் பாருங்க."

நான் படிப்பதற்குள், முன்னால் நின்ற பெண் அதைச் சத்தமாகப் படித்தாள். அடுத்த வரியை இரண்டு பேர் படித்தார்கள். அதற்கடுத்ததை எல்லாருமே.

"அது கீழ எறங்குது. தண்ணிக்குள்ள இருக்கறது ஏன் மேல வருது?"

கொக்கு இறங்க இறங்க, தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு கொக்கு ஏறி வந்தது. இரண்டும் காலோடு கால் தொட்டு நின்றன. "கண்ணாடி மாதிரி டீச்சர்! எவ்ளோ மேல இருக்கோ அவ்ளோ கீழ தெரியுது!" என்று பசங்க குதித்தார்கள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கோப்பைத் திறந்தேன். பச்சைக் கோடு முன்னாலேயே வந்து காத்திருந்தது. "இனிமே க்ளாஸே எடுக்க முடியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன் டீச்சர். இன்னிக்கு எடுத்துட்டேன்."

இப்போதும் என் வகுப்பில் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து பாடம் வாசிக்கும்போது, அந்தச் சத்தத்தில் ஒரு குரல் கோட்டக்குப்பத்திலிருந்து வருவதாகவே எனக்குக் கேட்கிறது.