அப்பா இழுத்துப் பார்த்த முடிச்சு

என் வீட்டுக் கொடியில் ஈரிழைத் துண்டு காய்ந்து நீங்கள் பார்க்க முடியாது. தெருவுக்கு நாலு தறி ஓடுகிற சீமை இது. வந்த விருந்தாளி கை கழுவினால் துடைத்துக்கொள்ள ஈரிழைத் துண்டு நீட்டாத வீடு இந்தப் பக்கம் இல்லை. நான் மட்டும் கடைக்குப் போனால் தேங்காய்ப்பூத் துண்டாகப் பார்த்து எடுப்பேன். அதிலும் இரண்டு முழத்துக்கு மேல் நீளம் கூடாது. தலை துவட்டலாம், முகம் துடைக்கலாம், ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கட்ட மட்டும் முடியாது. "உங்க ஊட்டுல ஒரு நல்ல துண்டுக்கு வழியில்லீங்களா?" என்று சம்பந்தியம்மா ஒரு தடவை கேட்டே விட்டார். சிரித்து மழுப்பிவிட்டு, காப்பி போடப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

அப்பாவிடம் இருந்த துண்டு நாலு முழம். சிவப்புக் கரை போட்டது. நாமக்கல்லைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வர ஆரம்பித்த காலத்தில், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் அவர் ஒருவர். பிட்டர் என்றுதான் ஊரில் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஜெர்மன் சண்டைக்கு முன்னால் தன் நாட்டுக்கே திரும்பிப் போனபோது, ஓடாதென்று ஒதுக்கிப் போட்டிருந்த மோட்டார் சைக்கிளை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் பாயை விரித்து, ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டு, ஒரு கோடைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்தார். அம்மா அந்த மூன்று மாதமும் பாயைச் சுற்றித்தான் நடந்தாள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நட்டை முடுக்கினாலும் கையை எடுத்துவிட்டு, மறுபடி தொட்டு ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். "ஒருக்கா ஆட்டிப் பாத்தாத்தான் மனசு நிக்குது" என்பார். வீட்டில் தொட்டில் கயிறு கட்டினாலும் அப்படித்தான். கிணற்று வாளிக்குச் சுருக்குப் போட்டாலும் அப்படித்தான். அம்மா கேலி செய்வாள். "சோத்தக் கூட ஒருக்கா ஆட்டிப் பாத்துட்டுத் தின்னுங்க."

அந்த வண்டியில்தான் நாங்கள் எங்கேயும் போனோம். வேறு வழி கிடையாது. அம்மா பிறந்த ஊர் பள்ளிபாளையம். மாட்டு வண்டி கட்டினால் விடியுமுன்னே கிளம்பி இருட்டிய பிறகு போய்ச் சேரலாம். சண்டைக் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பை மாட்டி ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதுவும் நாளைக்கு ஒன்று, வந்தால் உண்டு. அப்பாவுக்கு எஞ்சின் வேலைக்கென்று கூப்பனில் கொஞ்சம் பெட்ரோல் கிடைக்கும். அதில் மிச்சம் பிடித்து எங்களை அழைத்துப் போவார். பின்னால் சாக்கை மடித்துப் போட்டு அம்மா ஒருக்களித்து உட்காருவாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் தங்கச்சி. அவளுக்கு அப்போது நாலு வயது. வண்டி கிளம்பி வேப்பமரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். எஞ்சின் அதிர்வு அவளுக்குத் தொட்டில் ஆட்டுகிறது மாதிரி. அதனால் அப்பா தன் துண்டை அவள் நெஞ்சோடு சுற்றித் தன் முதுகுப் பக்கம் கொண்டுபோய், திரும்ப முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போடுவார். போட்டு ஒருக்கா இழுத்துப் பார்ப்பார். அவள் தலை அவர் நெஞ்சில் சாய்ந்திருக்க, அப்படியே திருச்செங்கோட்டு மலை தெரிகிற வரைக்கும் தூங்கிக்கொண்டு வருவாள். மலை தெரிந்ததும் எழுப்பச் சொல்லியிருப்பாள். எழுப்பாவிட்டால் அன்று முழுக்க அழுகை.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா மூன்றாவது பிரசவத்துக்குப் பள்ளிபாளையம் போயிருந்தாள். எங்களைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்திருந்தார். எங்களுக்கு அத்தை. கெட்டவர் இல்லை. அதை இங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ரொம்ப வருடம் நான் அவரைக் கெட்டவர் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். பையன் பிறந்திருக்கிறான் என்று ஆள் வந்து சொன்ன அன்றைக்கு அத்தை வாசலில் நின்று அழுதார். இரண்டு பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன். மறுநாளே நெய் உருக்கினார். பித்தளைப் போசியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கி என் கையில் கொடுத்து, "பச்ச ஒடம்புக்காரிக்குப் போற நெய்யி. வழியில ஒரு சொட்டுச் சிந்தப்படாது சாமி. சிந்துனா நல்லதில்ல" என்றார். நான் அதை வேதவாக்காக வாங்கிக்கொண்டேன்.

அப்பா தங்கச்சியை டாங்கியில் உட்கார வைத்துத் துண்டை எடுத்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளயத் துண்டுல கட்டிட்டா போகப் போற?"

"எப்பவும் கட்டிட்டுப் போறதுதானுங்களே அக்கா. தூங்கிப் போடுவா."

"எப்பவும் போறது வேற. இது பொறந்த பையன மொத மொதப் பாக்கப் போறது. துணியில வெச்சுக் கட்டித் தூக்கிட்டுப் போறது எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? உசுரோட இருக்கற புள்ளைக்கு அந்தக் கட்டு வேண்டாம் சாமி."

அப்பா கொஞ்ச நேரம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எஞ்சினைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் விடமாட்டார், சண்டைக்கே போவார். ஆனால் இது எஞ்சின் சமாசாரம் இல்லை. பையன் சமாசாரம். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பின்னாடி இருந்து கையக் கொண்டாந்து பாப்பாளோட சட்டையப் புடிச்சுக்க சாமி. விட்றாத" என்றார். நெய்ப் போசி என் மடியில், அப்பா முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில். என் கைகள் இரண்டும் அவர் இடுப்பைச் சுற்றி முன்னால். விரல் நுனியில் தங்கச்சியின் பாவாடைச் சட்டை. நாலு முழத் துண்டு செய்கிற வேலையை ஒன்பது வயதுக் கை செய்ய வேண்டும் என்று அன்றைக்கு மூன்று பேர் நம்பினோம். அதில் நானும் ஒருத்தி.

முதல் ஐந்தாறு மைல் ஒன்றும் இல்லை. தங்கச்சி தம்பிக்கு என்ன பேர் வைப்பது என்று பேசிக்கொண்டே வந்தாள். பிறகு பேச்சு நின்றது. தூங்கிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது, துணி கனத்தது. அப்பா வேகத்தைக் குறைத்து, இரண்டு முழங்கையையும் உள்ளே ஒடுக்கி ஓட்டினார். என் கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஓடைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலை ஓரத்தில் கப்பிக்கல் கொட்டி வைத்திருந்தார்கள். வண்டித் தடம் ஆழமாக விழுந்த இடம் அது. அப்பா தடத்திலிருந்து வண்டியை ஏற்றியபோது தூக்கிப் போட்டது. போசி என் மடியிலிருந்து சரிந்தது. வலது பக்கமாகச் சாய்ந்து, கட்டின துணி நனைவது தொடையில் சூடாகத் தெரிந்தது. நான் வலது கையை எடுத்துப் போசியைப் பிடித்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. யோசித்துச் செய்யவில்லை. ஆனால் கையை எடுத்தது எனக்குத் தெரியும். இடது கையில் இருந்த துணி வழுவிப் போனதும் தெரியும். அப்பா ஒரு கையால் எட்டிப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. அவள் அவர் வலது முழங்கைக்குக் கீழே தலைகுப்புறக் கல் குவியலின் மேல் போனாள். வண்டி சாயவே இல்லை. எனக்கு ஒரு கீறலும் இல்லை. போசியில் முக்கால்வாசி நெய் அப்படியே இருந்தது.

எதிரே பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர் இறங்கி ஓடிவந்தார். ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். தங்கச்சியின் கண் பாதி திறந்திருந்தது. அப்பா அவளை மடியில் போட்டுக்கொண்டு, எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி நெஞ்சில் காதை வைத்து வைத்துக் கேட்டார். அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டிக்காரர்தான் கடைசியில், "உடுங்க பிட்டரே, போயிருச்சுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "புடிச்சுட்டுத்தான இருந்த சாமி?"

"புடிச்சுட்டுத்தானுங்கப்பா இருந்தேன்."

அவர் தலையாட்டினார். என்னை நம்பினார். சாகிற வரைக்கும் நம்பினார்.

பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டுக்கு அவளைக் கொண்டுபோக முடியாது. திரும்பித்தான் போக வேண்டும். பஞ்சு வண்டியில் இடம் ஒதுக்கித் தருகிறேன் என்று அந்த மனிதர் சொன்னார். "பொழுதாயிருமுங்க" என்று அப்பா மறுத்துவிட்டார். வண்டியைத் திருப்பி நிறுத்தி, தங்கச்சியை டாங்கியின் மேல் வைத்தார். அவள் உட்காரவில்லை. எப்படி வைத்தாலும் சரிந்தாள். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். அவள் நெஞ்சோடு சுற்றி, முதுகுக்குக் கொண்டுபோய், திரும்ப முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். பிறகு, பழக்க தோஷத்தில், அந்த முடிச்சை ஒருக்கா இழுத்துப் பார்த்தார்.

வண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை.

அந்தத் துண்டோடுதான் அவளைப் புதைத்தார்கள். முப்பது நாள் கழித்து அப்பாவும் அத்தையும் நானும் மாட்டு வண்டி பிடித்து அம்மாவிடம் போனோம். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று அதுவரை ஆள்விட்டுச் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், வண்டிக்குள் பார்த்தாள், அப்பாவின் வெறும் தோளைப் பார்த்தாள். "துண்டு கட்டலீங்களா?" என்று கேட்டாள். அத்தை தரையைப் பார்த்தார். மறுமுறை அம்மா அதைக் கேட்கவே இல்லை. அதன் பிறகு எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. தம்பியை வளர்த்தாள், அவ்வளவுதான்.

அப்பா வண்டியை விற்கவில்லை, பிழைப்பு அதில்தான் இருந்தது. ஆனால் தம்பியை ஒரு நாளும் அதில் ஏற்றவில்லை. தோளில் துண்டு போடாத ஆண்பிள்ளையை இந்தப் பக்கம் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு நட்டை ஒருக்கா ஆட்டிப் பார்த்தவர், நாலு தடவை, ஐந்து தடவை ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார். "ஏனுங்க பிட்டரே, ஆட்டி ஆட்டியே லூசாக்கிப் போடுவீங்களாட்ட இருக்குது" என்று தோட்டக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். சாலையில் மெதுவாகப் போயிருக்கலாம், தடத்தை விட்டு ஏறாமல் இருந்திருக்கலாம் என்று தனக்குள்ளேயே பேசுவார். அந்தச் சமயங்களில் நான் வாயைத் திறந்திருந்தால் பாதி பாரமாவது இறங்கியிருக்கும். திறக்கவில்லை. நெய்ப் போசியைப் பற்றி இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். கேட்க வேண்டியவர் போய் இருபது வருடமாகிறது.

போன மாதம் என் மகன் வந்திருந்தான். மோட்டார் சைக்கிளில்தான். கோழிப்பண்ணைச் சம்பளத்தில் வேறெதில் வருவான்? மூன்று வயது மகளை டாங்கியின் மேல் வைத்துக் கூட்டிவந்தான். சாப்பிட்டுக் கிளம்பும்போது குழந்தைக்குக் கண் சொருகியது. "பஸ்ஸுல போ சாமி" என்றேன். "அது அஞ்சு மணிக்குத்தானுங்கம்மா" என்றவன், வண்டியில் ஏறி உட்கார்ந்து, "அம்மா, நீட்டமா ஒரு துண்டு குடுங்க. தூங்கிப் போடுவா, சேத்துக் கட்டிக்கறேன்" என்றான்.

அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனாகவே கேட்டான். தூங்குகிற பிள்ளையைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் அந்தச் சாலையில் போகிற ஒவ்வொரு தகப்பனிடமும் சொல்ல வேண்டும் என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் கேட்டதும் எனக்குத் தெரிந்தது அப்பாவின் கை, அந்த முடிச்சு, அது இழுபட்ட விதம். வாயில் அத்தையின் வார்த்தைகள் வந்து நின்றன. அவற்றைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன்.

"அத்தன நீளத்துல துண்டு இல்ல சாமி."

கொடியில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை எட்டி அளந்து பார்த்தான். பத்தவில்லை. சிரித்துக்கொண்டே அதைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒரு கையால் குழந்தையை அணைத்து, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு போனான். தெருமுனை திரும்பும்போதே அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போன் வந்தது. இந்த மாதமும் வருவான், அதே வண்டியில். போன் வந்த சேதி கேட்டு உள்ளே வந்து பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் நூல் சேலைகள் மூன்றும் என்னுடையவை நாலும் மடித்தது மடித்தபடி இருந்தன. ஒவ்வொன்றும் பதினாறு முழம்.