அம்மாவின் முதுகு

பள்ளிக்கூடத்தில் அவள் ஓவிய ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் ‘கரிக்கை டீச்சர்’. விரலிடுக்கில் கரித்தூள் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. மரம், மலை, பூ எதுவும் அவளுக்குப் பிடிபடாது. மனித உடம்பு மட்டும்தான்.

அவளுடைய அம்மா ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நீராவிக் குழாய் வெடித்து முதுகு முழுக்க வெந்துபோனது. அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று சொல்லி முதலாளி கைகழுவிவிட்டார். பல வருஷம் கழித்து ஒருநாள் அம்மாவே கேட்டாள்:

“ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் வரையற. என் முதுகை நான் ஒழுங்காப் பார்த்ததே இல்லடி. வரைஞ்சு காட்டேன்.”

வரைந்தாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள். “இவ்வளவா? இதைச் சுமந்துகிட்டா உங்களை வளர்த்தேன்? மாட்டுடி, நாலு பேர் பார்க்கட்டும்.”

நூலக மாடியில் நடந்த கண்காட்சியில் படம் தொங்கியது. மறுநாளே அண்ணன் வந்துவிட்டான்.

“பெத்தவளைத் துணியில்லாம உட்கார வச்சு ஊருக்குக் காட்டறியே, வெட்கமா இல்ல?”

“வெந்த முதுகைப் பார்த்தா உனக்கு வெட்கம் வருதா?” அவள் குரலுக்குக் கூடமே திரும்பியது. “ஒருநாளாவது அதுல மருந்து தடவியிருக்கியா நீ?”

அண்ணன் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட அம்மா நேராகப் போய் மகனுக்குப் போன் போட்டாள்.

“என் முதுகைக் கிழிச்சுட்டியாமே. வெந்தப்போகூட இப்படி எரியலடா எனக்கு. வாசல் பக்கம் வந்துடாத.”

போனை வைத்தாள். ரவிக்கையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் முக்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். மகள் அழுத்திய அழுத்தில் கரித்துண்டுகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன.

“மெதுவாடி. அது என் முதுகு, உங்க அண்ணன் மூஞ்சி இல்ல.”

முந்தையதில் இருந்த நளினம் இதில் இல்லை. கோடுகள் தடித்து, கறுத்துக் கிடந்தன. அப்படியே கொண்டுபோய் மாட்டினாள். சலவைக்கூடத்தில் அம்மாவோடு வேலை பார்த்த பெண்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். ஒருத்தி ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, முழங்கையில் சுருங்கிக் கிடந்த தோலைக் காட்டினாள்.

“இதையும் வரைவீங்களா டீச்சர்?”

“நாளைக்கே வாங்கக்கா.”

அண்ணனுக்காகச் சித்தி தூது வந்தாள். “கூடப் பொறந்தவன்தானே, கோபத்தை விட்டுடு.”

“விடறேன் சித்தி. அவன் வந்து படத்துக்கு முன்னாடி நின்னு பார்க்கட்டும்.”

அவன் இன்னும் வரவில்லை. அவளும் விடவில்லை.